சுண்டுவிரல் மரத்துப்போனால் குற்றம் அகலத்தில்: அலுவலகச் சைக்கிளுக்குக் கிளிப்லெஸ் காலணி

கேள்வி: எனக்கு வயது 44. பள்ளிக்கரணையிலிருந்து வேளச்சேரி வழியாகக் கிண்டியில் உள்ள வங்கிக் கிளைக்கு வாரத்தில் நான்கு நாட்கள் சைக்கிளில் போய் வருகிறேன். ஒரு வழிக்கு நாற்பது நிமிடம் ஆகும். சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி, கார்பன் அடிப்பாகம் கொண்ட பந்தயக் காலணியையும் அதற்குரிய பெடலையும் பிறந்தநாள் பரிசாகக் கொண்டுவந்து கொடுத்தான். அளவு 39, நீளம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பதினைந்து நிமிடத்தில் சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் மரத்துப்போகின்றன. இறங்கி நடந்தால் வங்கியின் கிரானைட் தரை வழுக்குகிறது. ஓர் அளவு பெரிதாக வாங்கலாமா? அடிப்பாகம் மென்மையாக உள்ளதைத் தேடலாமா? காலணியைப் பெடலோடு பூட்டிக்கொள்ளும் இந்தக் கிளிப்லெஸ் பெடலையே விட்டுவிடலாமா? ஜனவரியில் 200 கி.மீ. பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் பயணம்) ஒன்றை ஓட்டிப் பார்க்கும் ஆசையும் இருக்கிறது. கடந்த ஆண்டு முதல் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தம்பியிடம் என்ன சொல்வது என்பது இன்னொரு கவலை.
– வாசகி, பள்ளிக்கரணை

பதில் அளிப்பவர்: சைக்கிள் ஓட்டுவோருக்குச் சிகிச்சை அளிக்கும் இயன்முறை மருத்துவர்

அன்புள்ள வாசகிக்கு,

போகிற போக்கில் சொல்வதுபோல நீங்கள் எழுதியிருக்கும் சர்க்கரை விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன். காலணி பற்றிய மற்ற எல்லாப் பேச்சுக்கும் அது முந்தியது. சைக்கிளில் இருக்கும்போது மட்டும் விரல்கள் மரத்து, காலணியைக் கழற்றிய ஐந்து பத்து நிமிடங்களில் உணர்வு முழுமையாகத் திரும்பிவிடுகிறது என்றால், அது பெரும்பாலும் காலணியின் அழுத்தத்தால் வருவதே. மாறாக, இரவில் படுத்த பிறகும் இரண்டு பாதங்களிலும் எரிச்சலோ ஊசி குத்துவது போன்ற உணர்வோ இருந்தால், அல்லது அந்த மரமரப்பு இடுப்பிலிருந்தோ கெண்டைக்காலிலிருந்தோ இறங்கி வருவதாகத் தோன்றினால், காலணிக் கடைக்குப் போகுமுன் மருத்துவரிடம் போக வேண்டும். 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையைப் பாதத்தின் சில இடங்களில் அது வளைகிற அளவுக்கு அழுத்தி, தொடுகை தெரிகிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. சில நிமிடங்களில் முடிந்துவிடும், வலியும் இராது. இதை வற்புறுத்தக் காரணம், உணர்வு குறைந்த பாதத்துக்குக் காலணி கடிப்பதே தெரியாது என்பதுதான். கொப்புளம் புண்ணான பிறகு காலுறையில் கறை பட்டிருப்பதைக் கண்டு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். சோதனையில் உணர்வு சரியாக இருக்கிறது என்று தெரிந்தால், இனி நான் எழுதுபவை உங்களுக்குப் பொருந்தும்.

நீளம் சரியாக இருக்கிறது, ஆனால் வெளிப்புறத்து இரண்டு விரல்கள் மரக்கின்றன என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை அடங்கியிருக்கிறது. பந்தயக் காலணிகளில் பெரும்பாலானவை ஒடுங்கிய பாதத்துக்கென்று வார்க்கப்பட்டவை. நம் ஊரில் குழந்தைப் பருவம் முழுவதும் வெறுங்காலுடனோ திறந்த செருப்புடனோ நடந்து வளர்ந்தவர்களின் பாதங்களை நான் தினமும் பார்க்கிறேன். முன்பாதம் விசிறிபோல அகன்றிருப்பது அவர்களிடம் மிகச் சாதாரணம். அப்படிப்பட்ட பாதம் ஒடுங்கிய காலணிக்குள் போகும்போது, சுண்டுவிரலின் அடியில் உள்ள எலும்பு முனை பக்கச் சுவரோடு நெருக்கப்பட்டு, அந்த விரல்களுக்குப் போகும் நரம்பு நசுங்குகிறது. நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் பாதம் தரையை விட்டு எழுவதால் அந்த அழுத்தம் விட்டு விட்டு வரும். சைக்கிளிலோ, நிமிடத்துக்கு 80 சுற்று என்று கணக்கிட்டால், நாற்பது நிமிடத்தில் ஒவ்வொரு காலும் 3200 முறை அதே இடத்தில் அழுந்துகிறது. போகப் போகத் தளர்ந்துவிடும் என்று கடைக்காரர்கள் சொல்வது தோல் செருப்புக்குப் பொருந்தலாம்; கார்பன் அடிப்பாகமும் செயற்கை இழை மேற்பாகமும் கொண்ட காலணி, வாங்கிய அன்று கடித்தால் அடுத்த ஆண்டும் கடிக்கும்.

ஆகவே முதலில் அளவெடுங்கள். காலையில் வேண்டாம், அலுவலகம் முடிந்து சைக்கிளில் வீடு திரும்பிய மாலையில், வெயிலிலும் உழைப்பிலும் பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், நீங்கள் ஓட்டும்போது அணியும் அதே காலுறையோடு ஒரு வெள்ளைத்தாளின் மீது எழுந்து நில்லுங்கள். உட்கார்ந்து அளந்தால் உள்ளங்கால் வளைவு தாழாது, அளவு குறைந்துவிடும். வீட்டில் இன்னொருவர் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு பாதங்களையும் சுற்றி வரையட்டும். குதிகாலிலிருந்து மிக நீண்ட விரலின் நுனி வரை ஓர் அளவு, முன்பாதத்தின் மிக அகன்ற இடத்தில் ஓர் அளவு. இரண்டு கால்களும் ஒரே அளவில் இருப்பது அரிது. பெரிய காலுக்கே காலணி வாங்க வேண்டும். பிறகு, தம்பி கொடுத்த காலணிக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் தட்டையான இன்சோலை வெளியே உருவித் தரையில் வைத்து அதன்மேல் நின்று பாருங்கள். சுண்டுவிரலின் பக்கத்துச் சதை இன்சோலின் விளிம்பைத் தாண்டி வெளியே வழிந்தால், உங்கள் மரமரப்புக்கான காரணத்தைக் கண்ணாலேயே பார்த்துவிடுகிறீர்கள். புதிய காலணி வாங்கும்போதும் கடையில் இதே சோதனையைச் செய்யத் தயங்காதீர்கள். இன்சோலை உருவுவதைப் பார்த்துக் கடைக்காரர் முகம் சுளித்தால், அந்தக் கடையில் வாங்க வேண்டாம்.

ஓர் அளவு பெரிதாக வாங்கலாமா என்பதற்கு என் விடை, வேண்டாம் என்பதே. ஐரோப்பிய அளவுமுறையில் ஓர் எண் கூடினால் நீளம் ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 7 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாகக் கூடுகிறது. சைக்கிள் பாகங்களும் காலணிகளும் தயாரிக்கும் ஷிமானோ நிறுவனத்தின் அட்டவணையில் 39 என்பது 24.5 செ.மீ.; 40 என்பது 25.2 செ.மீ. அகலத்தில் கிடைப்பதோ அதைவிட மிகக் குறைவு. சுண்டுவிரலுக்குக் கொஞ்சம் இடம் தேடப் போய், குதிகால் உள்ளே வழுக்கும் காலணியை வாங்கி வருவீர்கள். பெடலை மிதித்துத் தூக்கும் ஒவ்வொரு சுற்றிலும் குதிகால் எழும்பினால் அங்கே ஒரு கொப்புளம் நிச்சயம். உங்களுக்கு வேண்டியது அதே 39 அளவில் அகல வார்ப்பு. ஷிமானோ தன் சில மாதிரிகளை அகலப் பதிப்பாகவும் தருகிறது. லேக் நிறுவனம் அகன்ற பாதங்களுக்கென்றே பெயர் பெற்றது. பெருவிரலுக்கு முன்னால் ஐந்து முதல் எட்டு மில்லிமீட்டர் இடைவெளி, விரல்களை உள்ளே விசிறிபோல விரிக்க இயலும் முன்பகுதி, அசையாத குதிகால் ஆகிய மூன்றும் ஒரே காலணியில் அமையும்வரை பொறுத்திருங்கள். நிறத்தையும் விலையையும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மென்மையான அடிப்பாகம் என்ற உங்கள் இரண்டாவது யோசனை இயல்பாகத் தோன்றக்கூடியதுதான். ஆனால் அது நேர்மாறான பலனைத் தரும். காலணியின் அடியில் திருகப்பட்டுப் பெடலில் மாட்டிக்கொள்ளும் துண்டுக்குக் கிளீட் என்று பெயர்; நடக்கவும் ஏற்ற காலணிகளில் அது ஒரு தீப்பெட்டியைவிடச் சிறிய உலோகத் துண்டு. அடிப்பாகம் மிகவும் மென்மையாக இருந்தால், நீங்கள் கொடுக்கும் விசை முழுவதும் அந்தத் துண்டு இருக்கும் ஒரே இடத்தில் குவிந்து, காலணிக்குள் கூழாங்கல் கிடப்பதுபோல உறுத்தும். கார்பன் அளவுக்கு விறைப்பும் வேண்டாம். அது நடக்க விடாது. கண்ணாடி இழை கலந்த நைலான் அடிப்பாகம், நடுவில் விறைப்பாகவும் விரல்கள் மடங்கும் முன்பகுதியில் சற்று வளையக்கூடியதாகவும் இருப்பதே அலுவலகப் பயணத்துக்கு உகந்தது. இரு கைகளாலும் காலணியை முன்னும் பின்னும் பிடித்து வளைத்துப் பார்த்தால், விரல் பகுதி மட்டும் தயக்கத்தோடு வளைய வேண்டும். நடுப்பகுதி வளையக் கூடாது. ஷிமானோ காலணிகளில் விறைப்பை எண்ணால் குறிப்பது வழக்கம். 12 என்பது உச்சப் பந்தயக் காலணி. உங்களுக்கு ஐந்து, ஆறு போதும்.

இனி வழுக்கும் கிரானைட் தரை. உங்கள் தம்பி கொடுத்தது அடியில் மூன்று துளைகள் உள்ள சாலைப் பந்தய வகை என்று கொள்கிறேன். அதன் கிளீட் பிளாஸ்டிக்கால் ஆனது, பெரியது, அடிப்பாகத்துக்கு வெளியே துருத்தி நிற்பது. ஆதலால் நடக்கும்போது குதிகால் தாழ்ந்து, வாத்து நடை வந்துவிடுகிறது. பளபளப்பான தரையில் அது வழுக்கும். சிமென்ட் தரையில் தேயும். உங்களுக்குத் தேவை இரண்டு போல்ட் வகை, அதாவது எஸ்பிடி. இதில் உலோகக் கிளீட் சிறியது. ரப்பர் அடிப்பாகத்தில் உள்ள பள்ளத்துக்குள் அடங்கிவிடும். கடையில் கிளீட்டைப் பொருத்திய நிலையில் காலணியைச் சமதளத்தில் வைத்து, கிளீட் தரையைத் தொடாமல் ரப்பர் மட்டுமே தொடுகிறதா என்று குனிந்து பாருங்கள். தொட்டால் நடக்கும்போது டக் டக்கென்று ஒலிப்பதோடு, தரையிலும் கீறல் விழும். மேலாளர் அறையில் உட்கார்ந்திருப்பவருக்கும் நீங்கள் வந்துவிட்டது தெரிந்துவிடும்.

இடையே ஒரு சொல் விளக்கம். இதைப் பலரும் என்னிடம் கேட்கிறார்கள். காலைப் பெடலோடு மாட்டுகிற ஏற்பாட்டுக்குக் ‘கிளிப்’ இல்லாதது என்று ஏன் பெயர் வந்தது என்றால், முன்பு பந்தயக்காரர்கள் விரல்களை ஒரு கம்பிக் கூட்டுக்குள் நுழைத்து வாரால் இறுக்கிக்கொள்வார்கள். அந்தக் கூட்டுக்குத்தான் டோ கிளிப் என்று பெயர். பனிச்சறுக்குப் பலகையில் காலணியைப் பூட்டும் முறையைப் பின்பற்றி, பிரான்சின் லுக் நிறுவனம் 1984இல் கூடு இல்லாத பெடலைக் கொண்டுவந்தது. மறு ஆண்டே பிரெஞ்சுப் பந்தய வீரர் பெர்னார் இனோ அதை மாட்டிக்கொண்டு டூர் டி பிரான்ஸை வென்றார். நடக்கவும் தோதான சிறு கிளீட்டை ஷிமானோ 1990இல் எஸ்பிடி என்ற பெயரில் கொண்டுவந்தது. கரடுமுரடான பாதையில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டிய மலைச் சைக்கிள்காரர்களுக்காக உருவானது அது. பள்ளிக்கரணையில் தோண்டிப் போட்ட சாலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் நமக்கும் அதுவே பொருந்துகிறது.

கிளீட்டை எங்கே வைப்பது என்பது காலணியைத் தேர்வதற்கு இணையான காரியம். காலணியை அணிந்துகொண்டு, பெருவிரலின் அடியில் உள்ள எலும்பு முனையையும் சுண்டுவிரலின் அடியில் உள்ள எலும்பு முனையையும் விரலால் தடவிக் கண்டுபிடித்து, காலணியின் இரு பக்கங்களிலும் டேப் ஒட்டிப் பேனாவால் குறியுங்கள். சுண்டுவிரல் பக்கத்துக் குறி சற்றுப் பின்னால் இருக்கும். பெடலின் அச்சு இந்த இரண்டு குறிகளுக்கும் நடுவே வருமாறு கிளீட்டை வைப்பது நல்ல தொடக்கம். உங்களைப் போல விரல் மரப்பவர்களுக்கு நான் அதிலிருந்து இன்னும் சில மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளுகிறேன். முன்பாதத்தின் சுமை குறைகிறது, கெண்டைக்காலும் ஓய்கிறது. அதிகம் பின்னுக்குத் தள்ளினால் சீட்டையும் சிறிது இறக்க வேண்டியிருக்கும். கோணத்துக்கு, மேசை விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, பாதங்கள் தாமாக எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கவனியுங்கள். அவை சற்று வெளிநோக்கி இருந்தால் கிளீட்டும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். பாதத்தை வலிந்து நேராக்கினால் அந்த முறுக்கலை முழங்கால்தான் தாங்க நேரிடும்.

இறுக்கும் முறையில் லேஸ், வெல்க்ரோ, சுழற்றும் டயல் என்று மூன்றும் உண்டு. நான் உங்களுக்கு வெல்க்ரோவையே சொல்வேன். சிக்னலில் நின்றபடியே ஒரு கையால் தளர்த்தலாம். தவிர, வீட்டு வாசலிலும் கோயில் வாசலிலும் கழற்றி மாட்டுகிற நம் வழக்கத்துக்கு லேஸ் ஒத்துவராது. லேஸ் நுனி சங்கிலியில் மாட்டும் ஆபத்தும் உண்டு. விரல்களுக்கு அருகில் உள்ள பட்டை தளர்ந்தும் கணுக்காலுக்கு அருகில் உள்ளது உறுதியாகவும் இருக்கட்டும். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, காலணியைக் குறை சொல்கிறார்கள்.

கிளிப்லெஸ் பெடலையே விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வதானால், உங்கள் அலுவலகப் பயணத்துக்கு மட்டும் என்றால் அது கட்டாயமில்லை. பெடலைக் காலால் மேலே இழுப்பதால் ஆற்றல் மிச்சமாகும் என்று பலர் நம்புகிறார்கள். சீரான வேகத்தில் ஓட்டுபவர்களை அளந்து பார்த்த ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. கிளிப்லெஸ்ஸின் உண்மையான பயன் வேறு. பாதம் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்கார்கிறது. மழையில் பெடலை விட்டு வழுக்குவதில்லை. பல மணி நேரம் ஓட்டும்போது காலை எங்கே வைப்பது என்று நினைக்கவே வேண்டியதில்லை. 200 கி.மீ. பிரெவே உங்கள் மனதில் இருப்பதால்தான் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அதற்கு 13½ மணி நேரம் தருகிறார்கள். இடையில் தேநீர்க் கடைகளிலும் வந்து சேர்ந்ததைப் பதிவு செய்யும் கட்டுப்பாட்டு இடங்களிலும் இறங்கி நடக்க வேண்டும். நான் சொல்லும் அதே அலுவலகக் காலணி அதற்கும் போதும். நூறு கிலோமீட்டருக்குப் பிறகு பாதம் மேலும் வீங்கும் என்பதால், அகலம் அங்கே இன்னும் அதிகமாகக் கைகொடுக்கும்.

பெடல், ஒரு பக்கம் எஸ்பிடியும் மறுபக்கம் சாதாரணத் தட்டைப் பரப்பும் உள்ளதாக இருக்கட்டும். ஷிமானோவின் இஎச்500 இந்த வகை. வேளச்சேரி விஜயநகர் சந்திப்பு போன்ற நெரிசலில் தட்டைப் பக்கத்தையும், சாலை திறந்த பிறகு மாட்டும் பக்கத்தையும் பயன்படுத்தலாம். சேலையிலோ சாதாரணச் செருப்பிலோ பக்கத்துக் கடைக்குப் போகும் நாளிலும் சைக்கிள் பயன்படும். பெடலை மாற்றும்போது இடது பெடலின் மரை எதிர்த்திசையில் திரும்பும் என்பதை நினைவில் வையுங்கள். தெரியாமல் பலங்கொண்ட மட்டும் திருகி, பெடல் பொருந்தும் கிராங்கைக் கெடுத்துக்கொண்டவர்கள் பலர். பிடிப்பின் இறுக்கத்தைச் சரிசெய்யும் சிறு திருகை முதலில் மிகத் தளர்வான நிலைக்குக் கொண்டுபோங்கள். எஸ்பிடி கிளீட்டில் எஸ்எச்51, எஸ்எச்56 என்று இரண்டு உண்டு. முதலாவது, குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் விடும். இரண்டாவது பல திசைகளிலும் விடும். பழகும்வரை உங்களுக்கு இரண்டாவது. சுவரைப் பிடித்தபடி நூறு முறை மாட்டிக் கழற்றிவிட்டுச் சாலைக்கு வாருங்கள். நிற்கும்போது எப்போதும் இடது காலையே முதலில் விடுவிக்கப் பழகுங்கள். நம் சாலையில் ஓரம் இடப்பக்கம், சாய்ந்தாலும் வண்டிகள் வராத பக்கம் சாய்வீர்கள்.

சாய்வதைப் பற்றி எனக்கு அனுபவமே உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிக்னலில், பின்னால் ஷேர் ஆட்டோ ஒன்று ஒலி எழுப்பிக்கொண்டிருக்க, நான் குதிகாலைத் திருப்பினேன். காலணி திரும்பியது, கால் விடுபடவில்லை. நின்ற இடத்திலேயே, வெட்டிய வாழைபோல, சைக்கிளோடு சாய்ந்தேன். கிளீட்டின் இரண்டு போல்ட்டுகளில் ஒன்று வழியில் எங்கோ கழன்று விழுந்திருந்தது. ஒரே போல்ட்டில் நிற்கும் கிளீட், காலணியோடு சேர்ந்து பெடலில் திரும்பாமல், பெடலுக்குள் அப்படியே நின்றுவிடும். காலணி மட்டும் சுழலும். நல்ல வேளையாக வெல்க்ரோவைப் பிரித்துக் காலை உருவிக்கொள்ள முடிந்தது. காலணி பெடலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஆட்டோவில் இருந்த ஒரு பாட்டி இறங்கி வந்து சைக்கிளைத் தூக்கிக் கொடுத்தார். போல்ட்டில் கிரீஸ் தடவி 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரை முடுக்குவதும், மாதம் ஒருமுறை 4 மி.மீ. ஆலன் கீயால் சோதிப்பதும் அன்று முதல் எனக்கு வழக்கமாயின.

மழைக்காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நனைந்த காலணியை வெயிலில் வைக்காமல், இன்சோலை உருவிவிட்டு உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து மின்விசிறியடியில் வையுங்கள். வெயில் பசையை விடச் செய்யும். மறுநாளும் ஓட்டுவதானால் இரண்டாவது ஜோடி இன்சோல் வைத்திருப்பது மலிவான வழி. எஸ்பிடி பொருத்தக்கூடிய செருப்புகளும் கிடைக்கின்றன. சென்னை வெப்பத்துக்கும் அகன்ற பாதத்துக்கும் அவற்றை நான் மற்றவர்களுக்குத் தாராளமாகச் சொல்வேன். ஆனால் சர்க்கரை உள்ள உங்களுக்கு விரல்கள் திறந்திருக்கும் எதையும் சொல்ல மாட்டேன். வேளச்சேரியில் தண்ணீர் தேங்கிய நாட்களில், காலில் சிறு கீறல் இருந்தாலும் சைக்கிளை எடுக்காமல் இருப்பதே நல்லது. ஈரக் காலணியோடு நாள் முழுவதும் கவுன்ட்டரில் உட்காராமல், சாதாரண அலுவலகக் காலணி ஒன்றை மேசைக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்தி, உள்ளங்காலைக் கண்ணாடியிலாவது ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தம்பியிடம், அன்பில் குறையில்லை, அகலத்தில்தான் குறை என்று உள்ளதைச் சொல்லிவிடலாம். சைக்கிள் ஓட்டுபவர் என்பதால் அவருக்குப் புரியும். நீங்கள் வரைந்த பாதத்தின் படத்தையும் இன்சோலையும் பக்கத்தில் வைத்து ஒரு புகைப்படம் எடுத்து அனுப்பினால் விளக்கமே தேவைப்படாது. காலணி அதிகம் தேயவில்லை என்றால், ஒடுங்கிய பாதமுள்ள ஒருவருக்கு அதைப் பெடலோடு சேர்த்தே கொடுங்கள். தனித்தனியாகக் கொடுத்தால் இரண்டும் யாருக்கும் பயன்படாது.